ஏழாவது பாரில் வரும் அந்த ஒரு ஸ்வரம்: பீத்தோவனின் எரோய்க்கா, கேள்வி பதில்

பீத்தோவனின் மூன்றாவது சிம்பொனியை, அதாவது எரோய்க்காவை, கவனித்துக் கேட்பது எப்படி என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பார் என்று நான் சொல்வது தாளத்தின் ஒரு சுற்று. முதல் பகுதியில் ஒரு பாருக்கு மூன்று அடி. இது தெரிந்தால் போதும்.

கேள்வி: 2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறிய பிறகுதான் எனக்கு இந்தப் பக்கம் ஆர்வம் வந்தது சார். எங்கே பார்த்தாலும் எரோய்க்கா ஒரு புரட்சி என்கிறார்கள். கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எது புரட்சி என்றுதான் பிடிபடவில்லை.

சத்தத்தில் தேடாதீர்கள். இதைவிடப் பெரிய சத்தத்தையெல்லாம் அப்புறம் வந்த 200 வருஷ இசையில் நாம் கேட்டுப் பழகிவிட்டோம். ஆரம்பத்தில் ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் இரண்டு அடி அடிக்கும். உடனே செல்லோக்கள், அதாவது வயலின் குடும்பத்தின் கனத்த குரல் கருவிகள், ஒரு மெட்டைத் தொடங்கும். மெட்டு என்று சொல்வதற்குக்கூட அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரே கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஒரு ஸ்வரக் கூட்டின், ஸ்வரங்களுக்குள் ஏறி இறங்குவதுதான். ஆனால் ஏழாவது பாரில், அதாவது பாட்டு தொடங்கி சில விநாடிகளில், அந்த மெட்டு கீழே இறங்கி, அங்கே இருக்கவே கூடாத ஒரு ஸ்வரத்தில் நின்றுவிடும். மேலே வயலின்கள் தாளத்துக்கு இடையில் விழுந்து பதறும். பிறகு எல்லாம் சரியாகி, ஒன்றும் நடக்காத மாதிரி இசை போய்விடும்.

அந்நிய ஸ்வரத்தை அழகுக்காகச் சேர்ப்பது முன்னால் இருந்தவர்களும் செய்ததுதான். பீத்தோவன் அதை மறக்கவில்லை, அங்கேதான் வித்தியாசம். முதல் பகுதி 691 பார் நீளம். அதில் மெட்டுகளை அறிமுகப்படுத்தும் முதல் கட்டம் ஏறக்குறைய 150 பார். அவற்றைப் பிரித்துப்போட்டு அலைக்கழிக்கும் நடுக்கட்டம் ஏறக்குறைய 245 பார். அதற்கு முந்தைய சிம்பொனிகளில் பெரும்பாலும் நடுக்கட்டம்தான் சின்னது. இங்கே அது முதல் கட்டத்தைவிட அவ்வளவு பெரிதாக இருக்கிறது. அந்த அலைச்சலெல்லாம் முடிந்து பழைய மெட்டு திரும்பி வரும்போது செல்லோக்கள் மறுபடி அதே தப்பான ஸ்வரத்தில் வந்து நிற்கும். போன தடவை அங்கிருந்து மேலே ஏறித் தப்பித்தவை, இந்தத் தடவை கீழே இறங்கும். இறங்கியதும் ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவி ஒன்று வேறு ஸ்ருதியில், யாரும் எதிர்பாராத அமைதியோடு, அதே மெட்டைத் தனியாக வாசிக்கும்.

ஆக, பாட்டின் ஏழாவது விநாடியில் வைத்த ஒரு புள்ளிக்கு எட்டு, பத்து நிமிடம் கழித்துப் பதில் வருகிறது. அதுவரை நீங்கள் அதை நினைவில் வைத்திருப்பீர்கள் என்று இசையமைப்பாளர் உங்களை நம்பியிருக்கிறார். கேட்பவரை இவ்வளவு பெரிதாக நம்பியதுதான் என்னைப் பொறுத்தவரை புரட்சி.

கேள்வி: கொஞ்சம் கர்நாடக சங்கீதம் தெரியும், ஹார்மனி சுத்தமாகத் தெரியாது. அந்த ஸ்வரத்தை நான் எப்படி அடையாளம் காண்பது?

உங்களுக்கு மற்றவர்களைவிட எளிது. சிம்பொனியின் ஆதார ஸ்ருதியை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். செல்லோ மெட்டு ச, க, ச, ப என்று போகும், ப மட்டும் கீழ் ஸ்தாயி. பிறகு ச க ப என்று ஏறி ஸட்ஜத்துக்குத் திரும்பும். சங்கராபரண வீடுதான், எல்லாம் பழக்கமான இடம். அங்கிருந்து காகலி நிஷாதத்துக்கு இறங்கி, இன்னும் அரைப்படி இறங்கி கைசிகி நிஷாதத்தில் நிற்கும். சங்கராபரணத்தில் அது அந்நியம் என்று உங்கள் காது யாரும் சொல்லாமலே சொல்லும். முதல் தடவை அது காகலிக்கே ஏறி ஸட்ஜத்துக்குப் போகும். திரும்பி வரும்போது கைசிகியிலிருந்து சதுஸ்ருதி தைவதத்துக்கு இறங்கும். இந்த இரண்டு இடத்தையும் அடுத்தடுத்து வைத்து வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். கமகம் வேண்டாம், நேர் ஸ்வரமாக.

கேள்வி: மிருதங்கம் கற்கிறேன் அண்ணா. மூன்று அடி என்று போட்டுக்கொண்டே வந்தால் நடுவில் தாளம் விட்டுப்போகிறது. நான் தப்பா, அவர்கள் தப்பா?

யாரும் தப்பில்லை தம்பி. அவர் வேண்டுமென்றே செய்வது. 25ஆவது பாருக்குப் பக்கத்திலேயே, மூன்றடித் தாளம் ஓடிக்கொண்டிருக்க, அழுத்தம் இரண்டு அடிக்கு ஒரு தடவை விழ ஆரம்பிக்கும். நீங்கள் கையை விடாமல் மூன்றையே போடுங்கள், அப்போதுதான் இழுபறி தெரியும். இதே வித்தை நடுக்கட்டத்தில் பயங்கரமாக வளர்ந்து, 276ஆவது பாரில் ஈ (E), எஃப் (F) என்ற பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் இரண்டும் ஒன்றோடொன்று மோத, மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒரே கார்டைத் திரும்பத் திரும்ப அடிக்கும். அதுதான் முதல் பகுதியின் உச்சம். அது தணிந்து 284ஆவது பாரில் ஓபோக்கள் என்ற மரக் குழல் கருவிகள் அதுவரை கேட்காத ஒரு சோகமான மெட்டைப் பாடும். நடுக்கட்டத்தில் புது மெட்டு கொண்டுவருவது அன்றைக்கு வழக்கமே இல்லை. ஆனால் அந்த அடிகளுக்குப் பிறகு பழைய மெட்டு எதுவும் அங்கே தாங்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: பழைய மெட்டு திரும்புவதற்குச் சற்று முன்னால் ஒரு ஹார்ன் அவசரப்பட்டு நுழைகிறதே, அது பதிவில் உள்ள பிழையா?

பிழை இல்லை, 394ஆவது பாரில் அப்படித்தான் எழுதியிருக்கிறார். வயலின்கள் மிக மெல்லிய நடுக்கத்தில், வீடு திரும்பக் காத்திருக்கும் கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவை முடிப்பதற்குள் இரண்டாவது ஹார்ன் வீட்டுக்கே போய்விட்டது போல மூல மெட்டைத் தொடங்கிவிடும். பீத்தோவனின் மாணவர் ஃபெர்டினாண்ட் ரீஸ் முதல் ஒத்திகையில் பக்கத்தில் நின்றிருக்கிறார். ஹார்ன்காரர் எண்ணிக்கையைத் தவறவிட்டார் என்று நினைத்து வாய்விட்டுத் திட்ட, பீத்தோவனிடம் அறை வாங்கும் நிலைக்குப் போனதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த இரண்டு பாரை முதல் தடவையே பிடித்துவிட்டீர்கள் என்றால் உங்கள் காது நன்றாக இருக்கிறது.

கேள்வி: நெப்போலியன் பெயரைக் கிழித்தது உண்மையா?

1804இல் நெப்போலியன் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்ட செய்தி கேட்டு, தலைப்புப் பக்கத்தைப் பீத்தோவன் கிழித்தெறிந்தார் என்று சொன்னவரும் அதே ரீஸ்தான். வியன்னாவில் பாதுகாக்கப்படும் ஒரு கைப்பிரதியில் போனபார்ட் பெயரை, தாள் ஓட்டையாகும் அளவுக்குச் சுரண்டியிருப்பதை இன்றும் பார்க்கலாம். ஆனால் அதே வருஷம் ஆகஸ்டில் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சிம்பொனியின் தலைப்பு போனபார்ட் என்றே பீத்தோவன் குறிப்பிடுகிறார். கோபம் அவ்வளவு நேர்கோட்டில் போகவில்லை. 1806இல் அச்சானபோது ஒரு மாமனிதரின் நினைவைக் கொண்டாட எழுதிய வீர சிம்பொனி என்று போட்டு, புரவலரான இளவரசர் லொப்கோவிட்ஸுக்குச் சமர்ப்பித்தார்கள். கதை நல்ல கதைதான், ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டு இங்கே குதிரை, அங்கே பீரங்கி என்று தேடிக் கேட்டால் இசை தப்பிவிடும். முதல் சில தடவையாவது நெப்போலியனை மறந்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: அப்பா போன பிறகு இரண்டாம் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். இறுதி ஊர்வல இசை என்று தெரியும். கடைசியில் மெட்டு ஏன் அப்படி உடைந்து போகிறது? கேட்கலாமா கூடாதா என்றும் சொல்லுங்கள்.

தாராளமாகக் கேளுங்கள். இது துக்கத்தை அவசரப்படுத்தாத இசை. தொடக்கத்தில் டிம்பனி என்ற பெரிய முரசு கிடையாது, டபுள் பாஸ்கள்தான் அடித்தொண்டையில் முரசு மாதிரி உருட்டும். அதன் மேல் வயலின்கள் மெட்டை மிக மெதுவாகச் சொல்ல, ஓபோ அதை வாங்கிக்கொள்ளும். நடுவில் சி மைனரிலிருந்து சி மேஜருக்கு மாறி வெளிச்சம் வரும்போது முதலில் ஓபோவையும் புல்லாங்குழலையும் கவனியுங்கள், ட்ரம்பெட்டும் டிம்பனியும் அப்புறம் வரும். போனவரைப் பெருமையோடு நினைத்துக்கொள்கிற இடம் அது, அப்படித்தான் நான் கேட்கிறேன். ஆனால் அது நிலைக்காது. பழைய மெட்டு எட்டிப்பார்க்கும், உடனே குரல்கள் ஒன்றன் பின் ஒன்றாக நுழைந்து ஒன்றையொன்று துரத்தும் கட்டம், அதை ஃப்யூக் முறை என்பார்கள். அங்கே ஹார்ன்கள் எழும்பும்போது ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைக்காதீர்கள். இந்தப் பகுதி முழுவதிலும் அழுகை அடக்கமில்லாமல் வெளியே வருவது அங்கே மட்டும்தான்.

கடைசியில் வயலின்கள் அதே மெட்டைச் சொல்ல முயலும். இரண்டு ஸ்வரம், மௌனம், இன்னும் ஒன்று, மௌனம். அழுதபடி பேசுகிறவருக்கு வாக்கியம் முடியாமல் போகிறதே, அப்படி. மெட்டை முழுசாக ஒரு தடவை சொல்லி அழகாக முடித்திருக்கலாம், அன்றைய வழக்கமும் அதுதான். அவர் செய்யவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிஸில் பொது இறுதி ஊர்வலங்களுக்கென்றே பெரிய இசைகள் எழுதினார்கள். ஊர் கூடி அழும் அந்த வடிவத்தை எடுத்து அதன் முடிவில் ஒரு தனி மனிதரின் திணறலை வைத்தார் என்பதுதான் இதில் என்னை அசைப்பது. 1963 நவம்பர் 22 அன்று பாஸ்டனில் மதியக் கச்சேரி நடுவில் கென்னடி கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, ஆர்கெஸ்ட்ராவை நடத்திய கண்டக்டர் எரிக் லைன்ஸ்டார்ஃப் அவையில் அதை அறிவித்துவிட்டு வாசித்தது இந்தப் பகுதியைத்தான். ஒரு வேண்டுகோள் மட்டும்: இதோடு நிறுத்தாமல் என்றைக்காவது ஒரு நாள் மூன்றாம் பகுதிக்குள்ளும் போய்விடுங்கள்.

கேள்வி: மூன்றாம் பகுதியில் என்ன கவனிக்க வேண்டும்?

காலடி சத்தம் கேட்கக் கூடாது என்பது போல ஓடும் தந்திக் கருவிகள், நடுவில் மூன்று ஹார்ன்கள். அன்றைய சிம்பொனியில் இரண்டு ஹார்ன்தான் வழக்கம், இவர் மூன்று கேட்டார், இங்கே அது ஏன் என்று புரியும். ஹார்ன்களுக்குப் பிறகு தொடக்க இசை திரும்பி வரும்போது நான்கே பாருக்குத் தாளம் இரட்டையாக மாறி மறையும், கண் சிமிட்டினால் போய்விடும்.

கேள்வி: கடைசிப் பகுதி எனக்கு ஏமாற்றம். இவ்வளவு பெரிய பயணத்துக்கு ஒரு விளையாட்டு மெட்டா?

பலர் அப்படி நினைக்கிறார்கள். நான் இல்லை. தந்திகள் ஆவேசமாக இறங்கி வந்து நின்ற பிறகு, விரலால் சுண்டிய சில ஸ்வரங்கள் மட்டும் கேட்கும். அது மெட்டு அல்ல, மெட்டுக்குக் கீழே வரப்போகும் பாஸ், அதாவது அடிக்குரல். அஸ்திவாரத்தை முதலில் தனியாகக் காட்டி, அதையே இரண்டு தடவை மாற்றி மாற்றி வாசித்துக் காட்டிவிட்டு, 76ஆவது பாரில்தான் ஓபோவில் நிஜ மெட்டை அதன்மேல் ஏற்றுகிறார். இது 1801இல் புரொமீதியஸ் பற்றிய பாலே நடனத்துக்கு அவர் எழுதிய மெட்டு. மனிதர்களைக் களிமண்ணிலிருந்து உருவாக்கி நெருப்பும் கலையும் தந்தவன் கதை. ஈமநடைக்குப் பிறகு படைப்பின் மெட்டு வருவதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. 349ஆவது பாரில் வேகம் திடீரென்று குறைந்து அதே விளையாட்டு மெட்டு ஒரு பிரார்த்தனையாக ஆகும் இடத்தை மட்டும் தனியாகக் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: மொத்தம் 50 நிமிடம். என்னால் ஒரே மூச்சில் உட்கார முடியவில்லை.

உட்கார வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். வழக்கத்தைவிட இது நீளம் என்பதால் கச்சேரியின் முடிவில் வைக்காமல் தொடக்கத்துக்குப் பக்கத்தில் வாசியுங்கள், கேட்பவர்கள் களைத்துவிடக் கூடாது என்று முதல் அச்சுப் பிரதியிலேயே குறிப்புப் போட்டிருக்கிறார். 1805 ஏப்ரல் 7 அன்று வியன்னாவில் பொது அரங்கேற்றம் நடந்தபோது, இது நின்றால் இன்னொரு காசு தருகிறேன் என்று மேல் வரிசையிலிருந்து ஒருவர் கத்தினாராம்.

கேள்வி: எந்தப் பதிவு? ஸ்கோர் படிக்கத் தெரியணுமா?

ஸ்கோர், அதாவது எழுதிய இசைப் பிரதி, தேவையில்லை. ஆனால் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், செல்லோவும் டபுள் பாஸும் அதில் காணாமல் போகும், இந்தச் சிம்பொனியின் கதையே அடியில்தான் நடக்கிறது. சாதாரண ஹெட்போன் போதும்.

பீத்தோவன் 1817இல் வெளியிட்ட மெட்ரனோம் (வேகத்தை அளக்கும் கருவி) அளவுப்படி முதல் பகுதி நிமிடத்துக்கு 60 பார். முதல் கட்டத்தை அவர் சொன்னபடி இரண்டு தடவை வாசித்தாலும் ஏறக்குறைய 14 நிமிடத்தில் முடிய வேண்டும். பழைய கருவிகளோடு வாசித்த கண்டக்டர்கள் ஜான் எலியட் கார்டினர், ஜோர்டி சவால் (1994) பதிவுகள் இந்த வேகத்துக்கு நெருக்கமானவை. தாளத்தின் இழுபறி அங்கே பளிச்சென்று தெரியும். ஓட்டோ கிளெம்பரர் அந்தக் கட்டத்தை ஒரே தடவை வாசித்தும் 15 நிமிடத்தைத் தாண்டுவார், ஒவ்வொரு கல்லும் தெரியும்படி. முதலில் கேட்க ஜார்ஜ் செல் கிளீவ்லாண்டில் 1957இல் செய்ததைச் சொல்வேன், உள்குரல்கள் அவ்வளவு சுத்தம். ஃபுர்ட்வெங்லர் வியன்னாவில் 1944 டிசம்பரில் செய்த பதிவின் ஈமநடைக்கு ஈடு நான் கேட்டதில்லை. ஆனால் ஒலித்தரம் பழையது, அதை முதல் பதிவாக எடுக்காதீர்கள்.

கேள்வி: இதற்கு அடுத்து என்ன கேட்கலாம்?

முன்னால் போகாதீர்கள், பின்னால் போங்கள். ஹைடனின் 104ஆவது சிம்பொனி, 1795. மோட்ஸார்ட்டின் 41, 1788. அப்புறம் பீத்தோவனின் இரண்டாவது, 1802. மூன்றும் அருமையானவை, எதையும் படிக்கட்டாக நினைக்க வேண்டாம். அவற்றில் முதல் பகுதியின் நடுக்கட்டம் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று மட்டும் கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.