கியோன் திருவிழாவில் சாமி புறப்பாட்டைத் தவறவிடாதீர்கள்

தம்பி, கியோட்டோவுக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன், ஜூலை முழுக்க கியோன் திருவிழா என்கிறார்களே, அது எதற்காக, நாமும் கலந்துகொள்ளலாமா, எந்த நாள் போவது என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கலந்துகொள்ளலாம். குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்டவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொள்ளைநோய்க்குப் பயந்து பிறந்த திருவிழா இது. மனக்குறையோடு செத்தவர்களின் ஆவிதான் நோயாக வருகிறது என்பது அந்தக் கால நம்பிக்கை. 869இல் நோய் பரவியபோது, நாட்டின் 66 மாகாணங்களுக்கும் சேர்த்து 66 ஈட்டிகளை நட்டு, ஷின்சென்-என் என்ற தோட்டத்தில் வழிபாடு நடத்தினார்கள். அந்த ஈட்டிகளின் வழிவந்தவைதான் இன்றைய தேர்களும். கும்பிட்ட தெய்வம் கோசு தென்னோ. புத்தர் தங்கிய நம் சிராவஸ்தி ஜேதவனத்தின் காவல் தெய்வம் என்று அவரைக் கருதினார்கள். 1868இல் அரசு பௌத்தத்தையும் ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்டோவையும் பிரித்தபோதுதான், இந்தத் திருவிழா நடக்கும் கோயிலுக்கு யசாகா என்று பெயர் வந்தது. இப்போது அங்கே மூலவர் ஷின்டோ தெய்வமான சுசானோ.

10ஆம் தேதி வாக்கில் ஷிஜோ தெருப்பக்கம் போய்ப் பாருங்கள். ஆணி அடிக்காமல், வைக்கோல் கயிற்றாலேயே மரங்களை இறுக்கிக் கட்டித் தேரை எழுப்புவார்கள். கட்டி முடித்த பெரிய தேர்களை 12, 13 தேதிகளில் பிற்பகலில் வெள்ளோட்டம் விடுவார்கள். அப்போது வடம் பிடிக்க யார் வேண்டுமானாலும் போகலாம்.

17ஆம் தேதி காலையில் 23 தேர்கள் புறப்படும். ஷிஜோ-கவாராமாச்சி முனையில் நில்லுங்கள். சக்கரம் திரும்பாது, தேரோ 10 டன்னுக்கு மேல். பிளந்த மூங்கிலைச் சக்கரத்தடியில் பரப்பி, தண்ணீர் ஊற்றி, பக்கவாட்டில் வடம் கட்டி ஒரே மூச்சில் இழுப்பார்கள். தேர் கிறீச்சென்று கொஞ்சம் வழுக்கித் திரும்பும். மறுபடி மூங்கில், மறுபடி தண்ணீர். முழுசாகத் திரும்ப இரண்டு மூன்று இழுப்பு ஆகும்.

இது முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். எனக்கு வருத்தம் அதில்தான். தேர்கள் முன்னால் போய், தெருவில் இருக்கும் நோய் ஆவிகளைத் திரட்டிக்கொண்டு வழியைச் சுத்தம் செய்கின்றன என்பது ஐதீகம். அதனால்தான் திரும்பி வந்த கையோடு அவற்றைப் பிரித்துவிடுகிறார்கள். சாமி வருவது அன்று சாயங்காலம். மூன்று பல்லக்குகள் யசாகாவிலிருந்து "ஹோய்ட்டோ, ஹோய்ட்டோ" என்ற கோஷத்தோடு தோளில் வரும். ஷிஜோ தெருவில் ஒரு வாரம் தங்கி, 24ஆம் தேதி இரவு கோயிலுக்குத் திரும்பும். அன்று காலையிலும் தேரோட்டம் உண்டு, 11 தேர்கள். கூட்டம் ஆகாதவர்களுக்கு அதுவே நல்லது.

அப்புறம், தேரடியில் சிமாக்கி என்ற நோய்க்காப்பு விற்பார்கள். தின்பண்டம் என்று பிரித்துவிடாதீர்கள், உள்ளே வைக்கோல்தான். வழிப்போக்கனாக வந்த தெய்வத்துக்குப் பணக்காரத் தம்பி கதவடைக்க, ஏழை அண்ணன் சோமின் ஷோராய் இடம் கொடுத்துத் தினைச்சோறு போட்டானாம். அவன் வம்சத்தை நோய் அண்டாது என்று வரம். சிமாக்கியில் தொங்கும் சீட்டில் "நாங்கள் சோமின் ஷோராயின் வம்சம்" என்றுதான் எழுதியிருக்கும். வாசலுக்கு மேலே மாட்டிவிட்டு, அடுத்த வருஷம் கோயிலில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள். 17ஆம் தேதிக்கு இப்போதே லீவு சொல்லி வையுங்கள்.