வீரர்களுக்குப் பணம்: பயிற்சியாளர் வாயைத் திறக்குமுன் கல்லூரி செய்ய வேண்டியவை

கேள்வி: அமெரிக்காவில் டிவிஷன் ஒன் என்ற மேல்நிலைப் போட்டிப் பிரிவில் ஆடும் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. எங்கே தொடங்குவது? டென்னிஸ் அணியில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் சென்னைப் பெண் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் தரலாமா?

பதில்: முதலில் இரண்டு வகைப் பணத்தையும் தனித்தனி ஃபைலில் போடுங்கள். ஒன்று, வெளி நிறுவனங்கள் விளம்பரத்துக்குத் தருவது; இதைக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ 2021 ஜூலை 1 முதல் அனுமதிக்கிறது. மற்றது, கல்லூரியே தருவது. என்சிஏஏ மீது மாணவ வீரர்கள் தொடர்ந்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கென் 2025 ஜூன் 6 அன்று ஒப்புதல் தந்தபின் வந்தது இது. முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். அவ்வளவும் கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உங்களால் முடிந்தது இரண்டு லட்சம் என்றால் இரண்டு லட்சம்தான்.

அடுத்து, தொகை பற்றி யார் பேசலாம் என்பதை முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், பயிற்சியாளர் பேசவே கூடாது. 2024 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் (யுஎன்எல்வி) அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா மூன்றே ஆட்டங்களில் விலகினார். துணைப் பயிற்சியாளர் ஒருவர் ஒரு லட்சம் டாலர் தருவதாக வாய்மொழியாகச் சொன்னார், அது வரவில்லை என்றது அவர் தரப்பு, பல்கலைக்கழகம் மறுத்தது. எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் சண்டை இப்படித்தான் ஊருக்கே தெரியும்படி நடக்கும்.

ஒப்பந்தத்தில் தொகையைவிட மற்றவைதான் முக்கியம். முழங்கால் உடைந்து சீசன் முழுக்க உட்கார்ந்திருந்தால் பணம் வருமா? ஜனவரியில் வேறு கல்லூரிக்கு மாறினால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டுமா? படித்து முடித்துப் போனபின்னும் அவர் படத்தை டிக்கெட் விளம்பரத்தில் போடலாமா? மூன்றுக்கும் பதில் இல்லாத தாளில் கையெழுத்து வாங்காதீர்கள். மாணவர் தன் வழக்கறிஞரிடம் காட்ட அவகாசமும் கொடுங்கள்.

வெளிப்பணத்தில் 600 டாலர் என்ற எண்ணை மறக்காதீர்கள். ஊர் கார் டீலர் ஓர் இன்ஸ்டாகிராம் பதிவுக்கு 800 டாலர் தந்தால், மாணவர் அதை ஐந்து வேலை நாட்களுக்குள் இத்தகைய ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் என்ஐஎல் கோ தளத்தில் பதிய வேண்டும்; 600 டாலரும் அதற்கு மேலும் வரும் ஒப்பந்தங்களுக்கு இதுதான் விதி. உண்மையான வியாபாரத் தேவை இருக்கிறதா, தொகை நியாயமா என்று அங்கே பார்ப்பார்கள். பதிய வேண்டியது மாணவர்தான். ஆனால் பத்தொன்பது வயதில் யாருக்கு நினைவிருக்கும்? நினைவூட்டுவது உங்கள் வேலை.

வரியும் அப்படித்தான். பெரும்பாலும் சம்பளமல்லாத வருமானத்துக்கான 1099 வரிப் படிவத்தில் வரும் பணம் இது, யாரும் பிடித்தம் செய்வதில்லை. உள்நாட்டு மாணவருக்கு வருமான வரியோடு 15.3% சுயதொழில் வரியும் சேரும். வருமானம் கூடினால் குறைந்த வருமான மாணவருக்கு அரசு தரும் பெல் உதவித்தொகை குறையலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆண், பெண் அணிகளுக்கு எப்படிப் பிரிப்பது என்பது இன்னும் சர்ச்சையில்தான் இருக்கிறது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் இந்தப் பணத்துக்கும் பொருந்தும் என்று அமெரிக்க அரசின் கல்வித் துறை 2025 ஜனவரியில் சொன்னது. பிப்ரவரியில் அதை விலக்கிக்கொண்டது. விலக்கியதால் சட்டம் போய்விடவில்லை. ஏன் இப்படிப் பிரித்தோம் என்பதை எழுதி வையுங்கள்.

சரி, சென்னைப் பெண். எஃப்-1 விசாவில் அனுமதியில்லாமல் வேலை செய்தால் மாணவர் தகுதியே போய்விடும். கல்லூரிப் பணம் வேலைக்கான கூலியா, படத்துக்கான உரிமத் தொகையா என்பதில் வழக்கறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வளாகத்துக்கு வெளியே கடைத் திறப்பு, பணத்துக்கு விளம்பரப் படப்பிடிப்பு இரண்டும் வேண்டாம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அங்கேயே செய்யும் விளம்பரத்தில் ஆபத்து குறைவு. அதற்கும் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் விசாவைக் கவனிக்கும் அதிகாரியான டிஎஸ்ஓவிடமும் குடிவரவு வழக்கறிஞரிடமும் முதலில் கேட்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு அவரைப் பணப்பட்டியலில் சேர்க்காமல் ஸ்காலர்ஷிப்பைக் கூட்டப் பாருங்கள். சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்குப் பழைய ஸ்காலர்ஷிப் வரம்பு இல்லை, அணியில் எத்தனை பேர் என்ற வரம்புதான். கூடுதல் ஸ்காலர்ஷிப் உச்சவரம்புக் கணக்கில் சேரும் என்றாலும், உங்கள் பட்ஜெட் அந்த உச்சவரம்பின் பக்கத்தில்கூடப் போகாது.