புது அதிபர் வந்தாயிற்று, எதிர்க்கட்சி என்ன செய்யலாம்? கேள்வி பதில்

அமெரிக்காவில் அதிபர் மாறும்போதெல்லாம், தோற்ற கட்சிக்குள் "முட்டி மோதுவதா, ஒத்துப்போவதா" என்ற சண்டை கிளம்பிவிடும். அது பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி: சார், மக்கள்தானே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்? முதல் நூறு நாளாவது எதிர்க்கட்சி சும்மா இருக்கக் கூடாதா?

தோல்வியை ஒப்புக்கொள்ளட்டும், பதவியேற்பு விழாவுக்குப் போகட்டும். மரியாதைக்கு அது போதும். அவர்களையும் தொகுதி மக்கள்தான் ஓட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ரீகனின் 1981 வரிக்குறைப்பு, ஒபாமாவின் 2009 பொருளாதார ஊக்கத் திட்டம், டிரம்பின் 2017 வரிச்சட்டம் எல்லாமே முதல் வருடத்திலேயே நிறைவேறின. அந்த வருடம் சும்மா இருந்தால் அப்புறம் தடுக்க என்ன மிஞ்சும்?

கேள்வி: ஒபாமா கொண்டுவந்த எல்லாவற்றையும் எதிர்த்துத்தானே குடியரசுக் கட்சி ஜெயித்தது?

பாதி உண்மை. 78,700 கோடி டாலர் ஊக்கத் திட்டத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் அக்கட்சியின் ஒரு ஓட்டுகூட விழவில்லை. 2010 இடைக்காலத் தேர்தலில் (அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் நாடாளுமன்றத்துக்கு நடக்கும் தேர்தல்) அவர்களுக்கு அந்தச் சபையில் 63 இடங்கள் கூடின. ஆனால் அப்போது வேலையின்மை 10 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அதோடு, இடைக்காலத் தேர்தலில் அதிபரின் கட்சி பிரதிநிதிகள் சபையில் அடி வாங்குவது வழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1998, 2002 இரண்டு முறைதான் அது தப்பியது. 2012-ல் ஒபாமா மறுபடியும் ஜெயித்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: சரி, உருப்படியாக எதிர்த்ததற்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

2017 ஜூலை 28, விடியற்காலை. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைக் கழற்றிப்போடும் மசோதா செனட்டில் ஓட்டுக்கு வந்தது. குடியரசுக் கட்சிக்கு 52 பேர். ஓட்டு சமமானால் தீர்த்து வைக்கத் துணை அதிபர் பென்ஸும் வந்திருந்தார். அதே கட்சியின் செனட்டர் ஜான் மெக்கெய்ன் முன்னால் வந்து கையை நீட்டி, கட்டைவிரலைக் கீழே காட்டினார். அவர் கட்சியில் வேறு இருவரும் எதிர்த்திருந்தார்கள். 49-க்கு 51, மசோதா விழுந்தது.

எல்லோரும் மெக்கெய்னைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எதிர்த்தரப்பின் 48 பேரில் ஒருவர் நழுவியிருந்தாலும் அந்தக் கட்டைவிரலுக்கு வேலை இருந்திருக்காது. அந்த 48-ல் டிரம்ப் அமோகமாக ஜெயித்த மாநிலங்களின் செனட்டர்களும் இருந்தார்கள். வேறு விஷயங்களில் அவரோடு சேர்ந்து ஓட்டுப் போட்டவர்கள். கட்சி அவர்களை அங்கெல்லாம் விட்டுப்பிடித்து, சொந்த ஊரில் காப்பீடு பறிபோகும் விஷயத்தில் மட்டும் ஒருவரையும் விடவில்லை. தன் பக்கத்தில் கைத்தட்டல் எழுந்ததும் ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவர் சூமர் கையசைத்து அடக்கினார். நல்ல அரசியல்வாதிக்கு அந்தப் புத்தி வேண்டும்: எதிரணியிலிருந்து வந்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது.

கேள்வி: செனட்டில் 41 பேர் இருந்தால் எதையும் தடுக்கலாமாமே?

எதையும் இல்லை. சாதாரண மசோதாக்களில் விவாதத்தை முடித்து வைக்க 60 ஓட்டு வேண்டும் என்பதால் அங்கே முடியும். அமைச்சர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சாதாரணப் பெரும்பான்மையே போதும். 2013, 2017 விதிமாற்றங்களுக்குப் பின் அப்படித்தான். வரி, அரசுச் செலவு பற்றிய "பட்ஜெட் சமரச" மசோதாவுக்கும் 60 தேவையில்லை.

கேள்வி: அப்படியானால் அமைச்சர் நியமனங்களை என்ன செய்வது?

ஒன்றிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துக் கிடுக்கிப்பிடி போடலாம். எல்லோரையும் எதிர்த்தால் யாரையும் எதிர்த்ததாக ஊருக்குத் தெரியாது.

கேள்வி: நிதி ஒதுக்கீட்டை மறித்து அரசாங்கத்தையே முடக்கினால் அதிபர் இறங்கி வருவார் அல்லவா?

2013-ல் ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டத்தை முடக்கத்தான் குடியரசுக் கட்சியினர் அதைச் செய்தார்கள். 16 நாள் அலுவலகங்கள் மூடிக்கிடந்தன, சட்டம் அசையவில்லை. அடுத்த வருடத் தேர்தலில் அந்தக் கட்சியே ஜெயித்ததே என்பீர்கள். ஜெயித்தது, ஆனால் கேட்டது கிடைக்கவில்லையே!

கேள்வி: அண்ணா, அதிபரோடு கைகோத்தால் சொந்தக் கட்சிக்காரர்களே துரோகி என்கிறார்களே?

சொல்வார்கள். எட்வர்ட் கென்னடி ஜனநாயகக் கட்சியின் பெரிய தலை. குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷோடு உட்கார்ந்து பள்ளிக்கல்விச் சட்டம் எழுதினார். 2002 ஜனவரியில் அது கையெழுத்தானது. அதே வருடம் அக்டோபரில் ஈராக் போர்த் தீர்மானத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டார். பின்னால் கல்விச் சட்டத்துக்குப் பணம் போதவில்லை என்று புஷ்ஷைச் சாடியவரும் அவர்தான். சட்டத்தை எழுதியவரே கேட்டபோது, "இவர் எதிர்க்கட்சி, அப்படித்தான் பேசுவார்" என்று தள்ளிவிடுவது வெள்ளை மாளிகைக்குச் சுலபமாக இல்லை.