இருபது ஆண்டுகள் ஓடாத கார் புதிய கார் ஆகாது

கேள்வி: 1990களில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் வெளிவந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். இருபது ஆண்டுகளாக உறை போட்டு நிறுத்தி வைத்திருந்ததால் ஓடோமீட்டர் சில ஆயிரம் கிலோமீட்டரையே காட்டுகிறது. ஆகவே இது புதிய காருக்குச் சமம் என்கிறார் விற்பவர். வீட்டில் உள்ளவர்களோ பாதுகாப்பை எண்ணித் தயங்குகிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: அரிய கார்கள் மீது உங்களுக்கு இருக்கும் ஆசை எனக்கும் நெடுநாளாக உண்டு; ஆனாலும் இந்த விஷயத்தில் நான் உங்கள் வீட்டார் பக்கம்தான் நிற்பேன். குறைவாக ஓடியது என்பது காரின் மதிப்பை உயர்த்தலாம், அதன் பாதுகாப்பை உயர்த்தாது. ரப்பர், ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும்; பட்டன் (சாலையைத் தொடும் வரிப்பள்ளங்கள்) தேயாமல் பளபளப்பாக இருக்கும் பழைய டயர், ஈரச் சாலையில் பிடிமானம் இல்லாமல் வழுக்கிவிடும்.

டயரின் பக்கச் சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி எண்களை முதலில் படியுங்கள். 2304 என்றிருந்தால் அது 2004ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. நான்கு இலக்கத்துக்குப் பதிலாக மூன்று இலக்கமே இருந்தால் அந்த டயர் 2000க்கு முந்தையது. அந்தக் காரைச் சோதனை ஓட்டத்துக்குக்கூட எடுக்காதீர்கள். 2013இல் போர்ஷே கரேரா ஜிடி ஒன்று விபத்துக்குள்ளாகி, அதில் பயணித்த நடிகர் பால் வாக்கரும் அதை ஓட்டியவரும் உயிரிழந்தனர். விசாரித்த அதிகாரிகள் அளவுக்கு மீறிய வேகமே காரணம் என்று முடிவு செய்ததோடு, அந்த டயர்கள் ஒன்பது ஆண்டுகள் பழையவை என்பதையும் பதிவு செய்தார்கள். 600 குதிரைத்திறனைத் தாண்டிய அந்தக் காரும் சாலையைத் தொடுவது நான்கு சிறிய ரப்பர்த் திட்டுகளால் மட்டுமே.

டயருக்கு அடுத்தது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அதன் கொதிநிலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். வேகத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது அது கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டானால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. எரிபொருள் குழாய்கள், சஸ்பென்ஷன் புஷ்கள் (சக்கரங்களைத் தாங்கும் அமைப்பின் ரப்பர் இணைப்புகள்), சீட் பெல்ட்டின் நாடா ஆகியவற்றையும் நன்கு தெரிந்த மெக்கானிக் ஒருவர், காரைத் தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஏர்பேக் இருந்தால் அதற்கும் ஆயுள் உண்டு. சில பழைய கார்களில் அதை மாற்ற வேண்டிய ஆண்டைக் கதவோரத்திலேயே ஒட்டியிருப்பார்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, நிலுவையில் உள்ள ரீகால் (குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் காரைத் திரும்ப அழைப்பது) ஏதும் உண்டா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். இத்தனைக்கும் ஆகும் செலவை விலையோடு கூட்டிய பிறகே பேரம் பேசுங்கள்.

கேள்வி: இத்தகைய கார்களுக்கு நட்சத்திர மதிப்பீடு எதையும் காண முடியவில்லையே. பாதுகாப்பை எப்படி ஒப்பிடுவது?

பதில்: கார்களை மோதிப் பார்த்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரங்கள் வழங்கும், 1997இல் முடிவுகளை வெளியிடத் தொடங்கிய யூரோ என்காப் போன்ற அமைப்புகள், மக்கள் பரவலாக வாங்கும் கார்களையே தேர்ந்தெடுக்கின்றன. பந்தய வடிவங்களையும் சேர்த்து மொத்தம் 106 மட்டுமே தயாரான மெக்லாரன் எஃப்1 போன்ற ஒரு ஸ்போர்ட்ஸ் காரை அவர்கள் மோதிப் பார்க்கப் போவதில்லை. ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: மோதினால் உள்ளிருப்பவரை இந்தக் கார் காக்குமா, மோதாமல் தப்ப உதவுமா? எஃப்1இன் கார்பன் ஃபைபர் கூடு முதல் கேள்விக்கு வலுவான விடை. இரண்டாவது கேள்விக்கு வந்தால், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் அதில் இல்லை, பெடலை மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பவர் பிரேக்கும் இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிப்பது முழுக்க ஓட்டுநரின் பாதத்தைப் பொறுத்தது.

1987இல் வந்த ஃபெராரி எஃப்40 இன்னும் கடினமானது. வெறும் எடை சுமார் 1,100 கிலோ, திறன் 478 குதிரைத்திறன். அதிலும் ஏபிஎஸ்ஸோ ஏர்பேக்கோ கிடையாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் சற்று நேரம் ஒன்றும் நிகழாமல், டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி) சுழன்று எழுந்தபின் திறன் மொத்தமாக வந்து விழும். வளைவின் நடுவே அது வந்தால் பின்சக்கரங்கள் விலகிவிடும். இன்றைய சாதாரணக் குடும்பக் கார்கள் பலவற்றில், இப்படி விலகும்போது தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்து வண்டியை நேராக்கும் மின்னணுக் கட்டுப்பாடு உண்டு. அது 1995இல்தான் மெர்சிடிஸ் காரில் அறிமுகமானது. கரேரா ஜிடியில்கூட இல்லை. நீங்கள் இப்போது ஓட்டும் காரில் அது இருந்தால் அதன் உதவியை உணராமலேயே பழகியிருப்பீர்கள். அதனால், அரிய காரைச் சாலைக்குக் கொண்டுவருமுன் மூடிய பந்தயத் தடத்தில் பயிற்சியாளருடன் சில நாட்கள் ஓட்டுங்கள். வாங்கும் செலவின் ஒரு பகுதியாகவே இதை நான் கருதுகிறேன்.

கேள்வி: பழைய சீட் பெல்ட்டுக்குப் பதிலாக நான்கு முனைப் பந்தய பெல்ட் பொருத்தலாமா?

பதில்: சாலையில் ஓட்டும் காருக்கு வேண்டாம். பந்தய பெல்ட் உடலை நிமிர்த்தியே கட்டி வைக்கிறது. வண்டி உருண்டு கூரை நசுங்கினால் சாய்வதற்கு இடமிருக்காது. பந்தயக் கார்களில் ரோல் கேஜ் என்ற உலோகக் குழாய்க் கூண்டு அந்தக் கூரையைத் தாங்குகிறது, தலைக்கவசமும் உண்டு. தலைக்கவசம் இல்லாமல் அந்தக் கேஜ் குழாயில் தலை மோதினால் அதுவே உயிருக்கு ஆபத்து. தயாரிப்பாளர் அந்த மாடலுக்கென்றே கொடுக்கும் மூன்று முனை பெல்ட்டைப் புதிதாக வாங்கிப் பொருத்துங்கள்; கிடைக்கத் தாமதமானால், அது வரும்வரை காரை நிறுத்தியே வையுங்கள்.