கேள்வி-பதில்: பில் 1,60,000, கைக்கு வந்தது 90,000

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பற்றியவை, அதுவும் பென்ஷன்காரர்கள் எழுதியவை. ஒரு வேண்டுகோள். செட்டில்மென்ட் லெட்டரை போட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள் தொகை போட்ட முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறீர்கள். எதை, ஏன் கழித்தார்கள் என்ற பட்டியல் அடுத்த பக்கத்தில் இருக்கும். அது இல்லாமல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டேன். நான்கு நாள் ஆஸ்பத்திரி, பில் 1,60,000. பாலிசி மூன்று லட்சத்துக்கு. ஆனால் 90,000தான் தந்தார்கள். கேட்டால் 'புரப்போர்ஷனேட் டிடக்ஷன்' என்கிறார்கள். மூன்று லட்சத்துக்குள் 1,60,000 அடங்காதா? லெட்டரும் பில்லும் முழுதாக இணைத்திருக்கிறேன். – ஓய்வுபெற்ற அக்கவுன்டன்ட், தண்டையார்பேட்டை

அடங்கும் ஐயா. ஆனால் உங்கள் பாலிசியில் ரூம் வாடகைக்கு ஒரு வரம்பு இருக்கிறது: ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 3,000. நீங்கள் எடுத்தது 5,000 ரூபாய் ரூம். நாளுக்கு 2,000 வீதம் நான்கு நாளைக்கு 8,000 கையை விட்டுப் போகும், அவ்வளவுதானே என்று நினைத்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெரிய ரூம் எடுத்தால் அதே ஆபரேஷனுக்கு டாக்டர் ஃபீஸையும் ஆஸ்பத்திரிகள் ஏற்றிப் போடுகின்றன. அதனால் 5,000இல் 3,000 எத்தனை சதவீதமோ, அதாவது 60, அந்தக் கணக்கை டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்ஸிங் என்று எல்லாவற்றின் மீதும் போடுகிறது கம்பெனி. இதுதான் அந்த 'புரப்போர்ஷனேட் டிடக்ஷன்', விகிதக் கழிவு.

உங்கள் பில்லைப் பிரித்துப் பார்த்தேன். ரூம் 20,000. டாக்டர், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங் சேர்த்து 80,000. மருந்தும் பரிசோதனைகளும் 50,000. கையுறை வகையறா 10,000. ரூமில் 8,000, டாக்டர் வகையில் 32,000 கழித்திருக்கிறார்கள். கையுறை வகையறா முழுசாகப் போனது. இதுவரை விதிப்படி சரி. ஆனால் மருந்து, பரிசோதனையிலும் 40 சதவீதம், 20,000 கழித்திருக்கிறார்கள் பாருங்கள், அது தப்பு. இந்த விகிதக் கழிவை மருந்து, உடலில் வைக்கும் சாதனங்கள், பரிசோதனைக் கட்டணங்கள் மீது போடக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதி. ஐ.சி.யூ. கட்டணத்திலும் கூடாது. ஆக 20,000 உங்களுக்கு வர வேண்டியது.

இன்னொன்றும் இருக்கிறது. எந்த ரூமில் படுத்தாலும் டாக்டர் ஃபீஸ் ஒன்றுதான் என்று வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு. அங்கே விகிதக் கழிவே செல்லாது. உங்கள் ஆஸ்பத்திரியில் போய் "ரூமைப் பொறுத்துக் கட்டணம் மாறுமா" என்று கேட்டு, மாறாது என்றால் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். கிடைத்தால் அந்த 32,000மும் பேச்சுக்கு வந்துவிடும்.

முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு மெயில் அனுப்புங்கள். ஃபோனில் பேசிய எதற்கும் மதிப்பில்லை. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், கம்பெனியின் பதில் வந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆபீஸ் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் போய் இறங்கலாம். அக்கவுன்டன்ட் வேலை பார்த்தவர் நீங்கள். நான் மேலே போட்ட கணக்கை ஒரே தாளில் அழகாக எழுதிக் கொடுத்துவிடுவீர்கள்.

கையுறை, மாஸ்க், டயபர், பஞ்சு என்று 7,400 ரூபாய் தரவில்லை. கையுறை போடாமல் ஆபரேஷன் செய்வார்களா? – இல்லத்தரசி, பெரம்பூர்

செய்ய மாட்டார்கள் அம்மா. ஆனாலும் தர மாட்டார்கள். தர வேண்டாதவை என்று 68 பொருட்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. கையுறை, மாஸ்க், டயபர் மூன்றும் அதில் உண்டு. அடுத்த புதுப்பிப்பில் 'கன்ஸ்யூமபிள்ஸ்', அதாவது இந்த மாதிரிப் பொருட்களின் செலவையும், சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பஞ்சு மட்டும் வேறு பட்டியல்: அது ஆபரேஷன் கட்டணத்துக்குள் அடங்க வேண்டிய பொருள். தனியாக பில் போட்டது ஆஸ்பத்திரி, அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

பிரீமியம் கட்ட 40 நாள் தாமதமாகிவிட்டது. 30 நாள் சலுகைக் காலம் என்கிறார்கள். பத்து நாள்தானே அதிகம்? பாலிசி முடிந்தது என்கிறார்கள். – திருவொற்றியூர்

30 என்றால் 30.

என் கணவர் இறந்த பிறகு வந்த பி.எஃப். பணத்தை டெபாசிட் போட பேங்க்குக்குப் போனேன். 'மெடிக்கலும் சேர்ந்த டெபாசிட்' என்று சொல்லி அதில் இரண்டு லட்சத்தைத் தனியாகப் போடச் சொன்னார்கள். தபாலில் ஒரு பத்திரம் வந்தது. பேத்தி படித்துப் பார்த்துவிட்டு, வருஷா வருஷம் இரண்டு லட்சம், பத்து வருஷம் கட்ட வேண்டும் என்கிறாள். எனக்கு வருமானமே குடும்பப் பென்ஷன்தான். பத்திரம் வந்து 12 நாள் ஆகிறது. – பழைய வண்ணாரப்பேட்டை

அம்மா, பயப்படாதீர்கள். பணம் திரும்பி வரும். ஆனால் இந்த வாரமே செய்ய வேண்டும்.

பாலிசி பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் "வேண்டாம்" என்று திருப்பிவிடலாம். ஃப்ரீ லுக் என்பார்கள். ஒரு வெள்ளைத் தாளில் பாலிசி எண்ணைப் போட்டு, "ஃப்ரீ லுக் காலத்தில் இந்த பாலிசியை ரத்து செய்கிறேன், பணத்தை என் கணக்குக்கு அனுப்பவும்" என்று எழுதுங்கள். வங்கிப் புத்தக நகலோ, ரத்து செய்த செக்கோ ஒன்றை இணையுங்கள். பேங்க்கில் கொடுக்காதீர்கள். பத்திரத்தில் பெயர் இருக்கிற இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கிளையில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அதே கடிதத்தைப் பேத்தி மெயிலிலும் அனுப்பட்டும். முத்திரைத்தாள் செலவு, இத்தனை நாள் காப்புக்கான சிறு தொகை, மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு போக மீதி வந்துவிடும். "மேனேஜர் லீவு, அடுத்த மாசம் வாங்க" என்று பேங்க்கில் யாராவது சொன்னால், சொல்பவருக்கு 30 நாள் கணக்கு நன்றாகத் தெரியும் என்று புரிந்துகொள்ளுங்கள். இழுத்தடித்தால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 155255க்கு ஃபோன் போட்டுப் புகார் பதியுங்கள்.

இனி வருவது உங்களுக்கு இல்லை, மற்றவர்களுக்கு. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் அடங்குவதே இல்லை. ஒரு வயசான அம்மாவின் டெபாசிட் என்றைக்கு முதிர்கிறது, பி.எஃப். பணம் என்றைக்குக் கணக்கில் விழுந்தது என்பதெல்லாம் கவுன்ட்டருக்கு உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நாளில் பார்த்து "உக்காருங்கம்மா, காபி சாப்பிடறீங்களா" என்று ஆரம்பிப்பார்கள். இன்ஷூரன்ஸ் விற்பனையில் பேங்க் வெறும் ஏஜென்ட், கமிஷன் வாங்குகிற ஏஜென்ட். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது முப்பது வருஷமாகச் சம்பளம் போட்ட, பென்ஷன் தருகிற இடம். அந்த நம்பிக்கையைத்தான் விற்கிறார்கள். அப்புறம் கம்பெனியிலிருந்து ஒரு ஃபோன் வரும், "எல்லாம் புரிந்ததா" என்று. "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுங்கம்மா, அப்பதான் பாஸ் ஆகும்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார்கள். பிறகு புகார் கொடுத்தால் அந்த 'ஆமாம்' பதிவைத்தான் சாட்சியாகப் போட்டுக் காட்டுவார்கள். நானே ஒரு வங்கிக்கு லாக்கர் கேட்டுப் போய், ஒரு பாலிசியோடு வீடு திரும்பியவன். லாக்கர் அதற்கு அப்புறமும் கிடைக்கவில்லை.

கவுன்ட்டரில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதற்கு உங்கள் பேங்க் டெபாசிட் ரசீது தருமா, வேறு கம்பெனி பாலிசி தருமா?" பாலிசி என்ற சொல் வந்ததும் எழுந்துவிடலாம். காபியைக் குடித்துவிட்டே எழுந்திருங்கள், தப்பில்லை.

எண்ணூர் பக்கம் ஃபேக்டரியில் 22 வருஷ வேலை, எல்லா வருஷமும் இ.எஸ்.ஐ. பிடித்தார்கள். 58இல் ரிட்டையர் ஆனதும் கார்டு செல்லாது என்கிறார்கள். எனக்கும் மனைவிக்கும் தனியார் பாலிசி கேட்டால் வருஷத்துக்கு 60,000 என்கிறார்கள். – எர்ணாவூர்

120 ரூபாய் இருக்கிறதா? ஒரு வருஷத்துக்கு அவ்வளவுதான், மாசம் 10 ரூபாய் கணக்கு. ஓய்வுபெறும் முன் குறைந்தது ஐந்து வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்தவர், ஓய்வு வயது வந்து வெளியே வந்திருந்தால், முன்பணமாக அதைக் கட்டிக் கணவனும் மனைவியும் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். கம்பெனியிடம் ஓய்வுச் சான்று வாங்கிக்கொண்டு உங்கள் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போங்கள். ஒவ்வொரு வருஷமும் மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். அயனாவரம் ஆஸ்பத்திரியில் காத்திருக்க வேண்டிவரும், அதைச் சொல்லிவிடுகிறேன். தனியார் பாலிசி வேண்டுமா என்பதை அப்புறம் நிதானமாக யோசியுங்கள். வடசென்னையில் ஃபேக்டரி வேலை பார்த்து ஓய்வுபெற்ற எத்தனையோ பேருக்கு இது தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.

ஏஜென்ட் சுகர், பி.பி. பற்றிக் கேட்கவே இல்லை, கையெழுத்து மட்டும் வாங்கினார். நான்கு வருஷம் முடிந்து ஐந்தாவது வருஷம் நடக்கிறது. இப்போது ஆஞ்சியோ செய்தார்கள். 'இருந்த நோயை மறைத்தீர்கள்' என்று கிளெய்மை மறுத்துவிட்டார்கள். எனக்குப் பத்து வருஷமாக பி.பி. உண்டு. – ராயபுரம்

நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். வீட்டுப் பத்திரமாக இருந்தால் போட்டிருப்பீர்களா? வயிற்றெரிச்சல் என்னவென்றால், பி.பி. இருக்கிறது என்று எழுதியிருந்தாலும் உங்களுக்கு பாலிசி கிடைத்திருக்க வாய்ப்பு உண்டு, கொஞ்சம் பிரீமியம் கூடியிருக்கும். அந்த நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் அப்போது அதிகபட்சம் நான்கு வருஷம், 2024இலிருந்து மூன்று. எப்படிப் பார்த்தாலும் அது முடிந்து, இந்தப் பணம் இந்நேரம் வந்திருக்கும்.

அறுபது மாதம் தொடர்ந்து கட்டியவர்களிடம், மோசடி என்று நிரூபித்தால் தவிர, "மறைத்தீர்கள்" என்று மறுக்க முடியாது. உங்களுக்கு அந்த அறுபது இன்னும் ஆகவில்லை. சரி, செய்யக்கூடியது இது: கையெழுத்தான படிவத்தின் நகலைக் கம்பெனியிடம் எழுதிக் கேளுங்கள். எந்தப் பிரிவின் கீழ் மறுத்தார்கள், அவர்களுடைய கிளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தந்ததா என்றும் கேளுங்கள். அந்த ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் மறுக்கக் கூடாது என்று 2024இல் விதி வந்திருக்கிறது. படிவத்தை நிரப்பியது ஏஜென்ட்தான் என்று தெரிந்தால் அதோடு ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள். ஜெயிக்கும் என்று வாக்குத் தர மாட்டேன்.

வீட்டு வாசலுக்கே வந்து டெமோ காட்டினார்கள் என்று கால் மசாஜ் மெஷின் 14,000க்கு வாங்கினேன். வலி போகவில்லை. பில் இல்லை. – வியாசர்பாடி

பில் இல்லை, கேள்வியும் இல்லை. என் வீட்டு மெஷின் மேல் அரிசி மூட்டை இருக்கிறது.

எனக்கு 72 வயசு. 2025 ஆகஸ்டில் 41,000 பிரீமியம் கட்டினேன். இந்த வருஷம் 53,000 என்று நோட்டீஸ். வேறு கம்பெனிக்கு மாறலாமா? – கொடுங்கையூர்

நோட்டீஸைப் பார்த்தால் 12,000தான் கூடியது போலத் தெரியும். உண்மையில் அதைவிட அதிகம். போன வருஷம் கட்டியதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி கிடையாது. வரியை எடுத்துவிட்டால் போன வருஷ பிரீமியம் 34,700 சொச்சம். அது 53,000 ஆகியிருக்கிறது என்றால் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. அறுபது தாண்டியவர்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் முதலில் கலந்துபேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. எதற்கு எவ்வளவு கூடியது, வயதுப் பிரிவு மாறியதா, கூடுதல் வசதி எதையாவது நீங்கள் கேட்காமலே சேர்த்தார்களா என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

மாறுவதென்றால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இதுவரை கழித்த காத்திருப்புக் காலம் கூடவே வரும். ஆனால் உங்கள் வயதைப் பார்த்துப் புதுக் கம்பெனி மறுக்கலாம், மறுக்க அதற்கு உரிமை உண்டு. அங்கிருந்து "சரி" என்று எழுத்தில் வரும்வரை பழையதை விடவே விடாதீர்கள்.

காலை 11 மணிக்கு டாக்டர் போகலாம் என்றார். கேஷ்லெஸ் அனுமதி வர இரவு 9. ஒரு நாள் ரூம் வாடகை கூடுதலாக வாங்கினார்கள். – காசிமேடு

ஆஸ்பத்திரி கடைசி பில்லை அனுப்பியதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி அனுமதி தர வேண்டும். தாமதத்தால் வந்த கூடுதல் செலவு கம்பெனியுடையது. ஆனால் 11 மணிக்கு அனுப்ப வேண்டிய பில்லை ஆஸ்பத்திரி மாலை 5 மணிக்கு அனுப்பியிருக்கும். அடிக்கடி நடப்பது அதுதான். உங்கள் ஃபோனுக்கு வந்த எஸ்.எம்.எஸ். நேரத்தைப் பாருங்கள், யாரிடம் கேட்பது என்று தெரிந்துவிடும்.

மகன் கம்பெனியின் குரூப் பாலிசியில் என் பெயர் இருக்கிறது. தனியாக நானும் ஒன்று வைத்திருக்கிறேன். எதில் முதலில் கேட்பது? – ஓய்வுபெற்ற ஆசிரியை, கொருக்குப்பேட்டை

எதில் வேண்டுமானாலும். அது உங்கள் விருப்பம், அவர்கள் சொல்ல முடியாது. பொதுவாக மகனுடையதில் முதலில் கேளுங்கள். கிளெய்ம் கேட்காத வருஷத்துக்குக் கிடைக்கும் உங்களுடைய நோ-கிளெய்ம் போனஸ் தப்பிக்கும். அங்கே முழுசாக வராவிட்டால், செட்டில்மென்ட் லெட்டரோடு மீதியை உங்களுடையதில் கேட்கலாம். அசல் பில்களை முதல் கம்பெனி வைத்துக்கொள்ளும் என்பதால், கொடுக்கும் முன்பே இரண்டு செட் நகல் எடுத்து, முதல் கம்பெனியிடம் சான்று முத்திரை வாங்கிவிடுங்கள்.