சான் ஹொசேயில் விற்பனை வரி ஏன் கூடியது? புதிதாக வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மார்ச் மாதம் கலிஃபோர்னியாவின் சான் ஹொசேயில் வந்து இறங்கியதாகவும், முதல் வாரம் வாங்கிய மிக்ஸிக்கும் ஏப்ரலில் வாங்கிய குக்கருக்கும் வரி வேறு வேறாக இருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். பக்கத்து ஊரான சன்னிவேலில் இருக்கும் உங்கள் நண்பருக்கு அதே குக்கர் இன்னும் சற்றுக் குறைந்த வரியில் கிடைத்திருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா, இந்த வரியை யார் கூட்டுகிறார்கள், கடை வாசலில் கையெழுத்துக் கேட்டுத் தாளை நீட்டியவரிடம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: போடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. கலிஃபோர்னியா முழுவதற்கும் பொதுவான விற்பனை வரி ஏழேகால் சதவீதம். அதற்கு மேல் பல கவுன்டிகளும் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) பல நகரங்களும் மக்களிடம் வாக்குக் கேட்டு அரைக்கால், கால், அரை என்று சேர்த்துக்கொண்டே வந்திருக்கின்றன. சிறு வயதில் அப்பா எனக்கு மாகாணி, அரைக்கால் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தபோது அது எதற்கு உதவும் என்று நினைத்தேன். இந்த ஊர் வரியை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல வேறு கணக்கில்லை. 2026 மார்ச் வரை சான் ஹொசே வரி 9.375 சதவீதம், அதாவது ஒன்பதே காலே அரைக்கால். 2025 நவம்பர் 4 அன்று, சான் ஹொசேயும் சன்னிவேலும் அடங்கிய சான்டா கிளாரா கவுன்டியின் வாக்காளர்கள் மெஷர் ஏ என்ற தீர்மானத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். அரையே அரைக்கால் (0.625) சதவீதம், ஐந்து ஆண்டுகளுக்கு. மத்திய அரசு மருத்துவ உதவி நிதியைக் குறைத்ததால் கவுன்டி நடத்தும் மருத்துவமனைகளுக்கு விழுந்த ஓட்டையை ஓரளவாவது அடைப்பதற்கு. அது 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சான் ஹொசேயில் வரி 10 சதவீதம் ஆகிவிட்டது. சன்னிவேலில் 9.75. அந்தக் கால் சதவீத வித்தியாசம் சான் ஹொசே மாநகராட்சியே தனியாகக் கேட்டு வாங்கியது. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் வீட்டுக் கணக்கு. அரிசி, பருப்பு, காய்கறி, பால், மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து ஆகியவற்றுக்கு வரி கிடையாது. சோப்பு, ஊதுபத்தி, பாத்திரம், உடை, உணவகச் சாப்பாடு, சூடாகக் கட்டித் தரும் பலகாரம் ஆகியவற்றுக்கு உண்டு. வரி குறைந்த ஊரில் போய்க் கார் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். காருக்கு நீங்கள் குடியிருந்து பதிவு செய்யும் ஊரின் வரிதான்.

இனி அந்தக் கால் சதவீதத்தின் கதை. 1978-இல் கலிஃபோர்னியா மக்கள் 13-ஆம் முன்மொழிவை நிறைவேற்றிச் சொத்து வரியைக் கட்டிப்போட்டார்கள். வரி மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வீடு கைமாறும் வரை அந்த மதிப்பை ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏற்றவும் கூடாது. ஓய்வுபெற்ற முதியவர்கள் வீட்டை இழக்காமல் காத்த சட்டம் அது, மறுப்பதற்கில்லை. ஆனால் செலவு ஏறிக்கொண்டே போக, மாநகராட்சிகளின் பெரிய வருவாய் ஒன்று பின்தங்கிப் போனது. சான் ஹொசேக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இங்கே குடியிருப்பவர்கள் அதிகம், அலுவலகங்கள் குறைவு. பகலில் பக்கத்து ஊர்களுக்கு வேலைக்குப் போய் இரவில் தூங்க வரும் ஊர். குப்பை, தெரு விளக்கு, போலீஸ், தீயணைப்பு எல்லாம் இந்த ஊர் செலவு. நிறுவனங்கள் தரும் வரியில் பெரும் பங்கு பக்கத்து ஊர்களுக்கு.

2008-க்குப் பின் வந்த பணமுடையை நேரில் பார்த்தவள் நான். கடன் பத்திரம் விற்றுக் கட்டிய புதிய நூலகக் கட்டடங்கள், திறந்து நடத்தப் பணமில்லாமல் பூட்டிக் கிடந்தன. அந்தக் கடன் பணத்தைக் கட்டடம் எழுப்புவதற்கு மட்டுமே செலவழிக்கலாம். நூலகருக்குச் சம்பளம் தர முடியாது. என் மகள் அப்படி ஒரு கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் முகத்தை ஒட்டி வைத்து உள்ளே பார்த்தாள். அலமாரி இருக்கிறது, புத்தகம் இல்லையே அம்மா என்றாள். தெற்குப் பகுதியில் கட்டி முடித்த போலீஸ் நிலையமும் ஆண்டுக்கணக்கில் திறக்கப்படவில்லை. ஆயிரத்து முன்னூறுக்கு மேல் இருந்த போலீஸார் எண்ணிக்கை ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது.

இந்த நிலையில்தான் 2016 ஜூனில் மெஷர் பி என்ற மாநகராட்சித் தீர்மானம் வாக்குக்கு வந்தது. கால் சதவீதம், 15 ஆண்டுகள், ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டாலர். நான் குடியுரிமை பெற்ற பிறகு வந்த முதல் உள்ளூர் வாக்கு அது. வாக்காளர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் தபாலில் ஒரு கையேடு வரும். ஆதரவு வாதம், எதிர் வாதம், இரண்டுக்கும் மறுப்புகள், கூடவே மாநகராட்சி வழக்கறிஞரின் நடுநிலை விளக்கம். சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்து, பென்சிலால் கோடு போட்டு நானும் கணவரும் இரண்டு இரவு படித்தோம்.

வாக்குச்சீட்டின் கேள்வியில் போலீஸ் விரைந்து வரும், தீயணைப்பு விரைந்து வரும், சாலைக் குழிகள் மூடப்படும் என்று வரிசையாக இருந்தது. ஆனால் அது பொது வரி. வரும் பணம் மாநகராட்சியின் பொது நிதியில் சேரும். எதற்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் நகர மன்றம் தீர்மானிக்கும். சீட்டில் எழுதிய குழிகளுக்கே அது போக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. இன்ன செலவுக்குத்தான் என்று மாநகராட்சி கட்டிப்போட்டால் அது தனி நோக்க வரியாகிவிடும். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பொது வரிக்குப் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். எந்த மெஷர் வந்தாலும் நான் முதலில் தேடுவது ‘பொது வரி’ என்ற இந்தச் சொல்லைத்தான். நீங்களும் தேடிப் பழகுங்கள்.

கணவர் வேண்டாம் என்றார். எங்கள் குடியிருப்பில் இரவு வேலையாகத் துப்புரவு செய்யும் ஒரு தம்பதி இருந்தார்கள். அவர்கள் வாங்கும் சைக்கிளுக்கும் நாம் வாங்கும் சைக்கிளுக்கும் ஒரே வரி, அவர்கள் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய பங்கு என்று யோசி என்றார். அவர் சொன்னது சரி; இன்றும் எனக்கு அதில் மாற்றுக் கருத்தில்லை. விற்பனை வரி எளியவர் தோளில்தான் அதிகம் அழுத்தும். இருந்தும் நான் ஆம் என்று போட்டேன். நூலகம் பூட்டிக் கிடந்தால் முதலில் இழப்பதும் அந்தத் தம்பதியின் பிள்ளைகள்தானே? பத்துக்கு ஆறு பேர் ஆம் என்றார்கள். 2016 அக்டோபர் முதல் சான் ஹொசே பில்களில் அந்தக் கால் சதவீதம் இருக்கிறது. பதினைந்து ஆண்டு முடியும் வேளையில் அதை நீட்டிக்கச் சொல்லி இன்னொரு மெஷர் வரக்கூடும்.

இப்போது கையெழுத்து. கடை வாசலில் நிற்பவர்கள் ஏதாவது ஒரு தீர்மானத்தை வாக்குச்சீட்டில் ஏற்றுவதற்கு ஆதரவு திரட்டுகிறார்கள். அந்தத் தாளில் பதிவு பெற்ற வாக்காளர் மட்டுமே கையெழுத்திடலாம். வாக்காளராகப் பதிவு செய்ய அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். எச்-1பி வேலை விசா போதாது, நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கும் கிரீன் கார்டும் போதாது. ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் நீங்கள் குடிமகனா, வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா என்ற கேள்வி வரும். அவசரத்தில் ஆம் என்று அழுத்திவிடாதீர்கள். குடிமகன் என்று தவறாகச் சொல்வது நாடுகடத்தல் வரை கொண்டுபோகும். பின்னாளில் குடியுரிமைக்கு எழுதும் விண்ணப்பத்திலேயே, இதற்கு முன் எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா என்று கேட்பார்கள். இதை உங்களுடன் தங்கியிருக்கும் மற்றவர்களுக்கும் தயவுசெய்து சொல்லுங்கள்.

வரி மட்டும் கட்ட வேண்டும், வாய் திறக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகத் திறக்கலாம். நகர மன்றம் செவ்வாய்க்கிழமைகளில் கூடுகிறது. பேச விரும்புவதாகத் தெரிவித்தால் உங்களையும் அழைப்பார்கள். விசாவைக் கேட்க மாட்டார்கள். நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குவதால் மே, ஜூன் மாதங்களில்தான் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேச்சு நடக்கும். உங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை என்றும், நேரத்துக்கு வராத பஸ்ஸை இருட்டில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்களே, அந்த விளக்கைப் பற்றி அங்கே சொல்லுங்கள். தெருவின் பெயரையும் கம்பத்தின் எண்ணையும் குறித்துக்கொண்டு வாருங்கள். முதல் தடவை தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எழுதுங்கள், கிழக்கு சான்டா கிளாரா தெருவில் நகர மன்றக் கட்டடத்தின் வாசலில் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா