600 ரூபாய் ஏறியும் ஏன் பற்றவில்லை?

கேள்வி: பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கிறேன். 2023 ஜனவரியில் சம்பளம் 12,000. 2025 ஜனவரியில் 12,600. இருபதாம் தேதிக்கே கைமாற்று கேட்க வேண்டியிருக்கிறது. ‘அதான் ஏத்திக் கொடுத்தோமே’ என்கிறார்கள். ஏறியதா, இல்லையா?

பதில்: இறங்கியிருக்கிறது. தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசின் லேபர் பீரோ மாதாமாதம் வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீடு (2016-இன் விலையை 100 என்று வைத்து) 2023 ஜனவரியில் 132.8, 2025 ஜனவரியில் 143.2. உங்கள் 12,000-ஐ 143.2-ஆல் பெருக்கி 132.8-ஆல் வகுத்தால் 12,940. பழைய சாமானையே வாங்க அவ்வளவு வேண்டும். மாதம் 340 ரூபாய் துண்டு விழுகிறது. ஏறிய 600-லும் பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் பிடித்தால் கைக்கு வருவது சுமார் 523.

இது நாட்டின் சராசரி. அந்தக் குறியீட்டில் உணவின் பங்கு 39 சதவீதம்தான். சம்பளத்தில் பாதி மளிகைக்கும் காய்க்கும் போகிற வீட்டில், எண்ணெயோ வெங்காயமோ ஏறும்போது அடி பலமாக விழும். அதனால் வீட்டுக் கணக்கைத் தனியாகப் போடுங்கள்: அதே கடை, அதே அளவு. எண்ணெய் 3 லிட்டர், துவரம் பருப்பு 2 கிலோ, சிலிண்டர், வாடகை, பஸ். பிஸ்கட், சோப்புக்கு மட்டும் கிராமைப் பாருங்கள். 10 ரூபாய் பாக்கெட் 10 ரூபாயாகவே இருக்கும், எடைதான் குறைந்திருக்கும்.

அடுத்து சம்பளச் சீட்டு. கோளாறு பெரும்பாலும் இங்கேதான். பஞ்சப்படி, அதாவது விலைவாசிக்கு ஏற்ப மாறும் படி, தனி வரியாக இருக்கிறதா? தமிழக அரசின் குறைந்தபட்சக் கூலியில் அது ஏப்ரல் 1-க்கு ஏப்ரல் 1 மாறும். கணக்கில் எடுப்பது முந்தைய ஜனவரி–டிசம்பர் சென்னைக் குறியீட்டின் சராசரி. ஆக, 2025 ஜனவரியில் ஏறிய விலை 2026 ஏப்ரலில்தான் சீட்டுக்கு வரும். அந்தப் பதினைந்து மாதமும் நீங்கள்தான் தாங்க வேண்டும்.

பஞ்சப்படி அசையாமல் வருகைப் போனஸ் மட்டும் ஏறியிருந்தால் ஏமாறாதீர்கள். இரண்டு நாள் லீவில் அது பறந்துவிடும். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள், சாதாரணமாக ஒரு நாளில் தைக்கும் ஜோடிக்கு வரும் தொகையை 26-ஆல் பெருக்கி, அரசு நிர்ணயித்த மாதக் கூலியோடு ஒப்பிடுங்கள்.

மொத்தம் ஏற்கெனவே குறைந்தபட்சத்துக்கு மேலே இருந்தால் சட்டத்தைக் காட்டிக் கேட்க இடமில்லை. ‘விலைக் குறியீடு ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை ரூபாய்’ என்று சங்கம் ஒப்பந்தத்தில் எழுத வைப்பதுதான் வழி. குறைவாக இருந்தால், சம்பளச் சீட்டு நகல்களோடு வேலூர் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுங்கள். உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.